அழுகிற முகத்துக்கு எத்தனை யூனிட்?

உளவியல் படித்தவர்களுக்கு உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு தொல்லை உண்டு. பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கியபடியே, “நான் இப்போ என்ன நெனைக்கிறேன், சொல்லு பார்ப்போம்” என்பார். “இன்னொரு அப்பளம் கேக்கலாமான்னு நெனைக்கிறீங்க” என்று சொல்லி நான் இரண்டு முறை ஜெயித்திருக்கிறேன். என் ஐந்து வருடப் படிப்பை முழுமையாக நம்பியவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

மற்றவர்கள் நம்பாததால் வேலை கிடைக்கத் தாமதமானது. படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்த பிறகு, ஓர் ஆய்வில் களப் பணியாளர் வேலை வந்தது. சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு என்று வருடக்கணக்கில் கூடவே வரும் நோயோடு வளர்கிற பிள்ளைகள் மனத்தளவில் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவர வேண்டும். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை. ஒரு வருடத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் மூன்று முறை பார்க்க வேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், பெரும்பாக்கம் எல்லாம் என் பங்கு.

ஆய்வை நடத்தியவர் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர். அவரை நாங்கள் மேடம் என்போம். அலுவலகம் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பல்லைக் குடையும் சத்தம் கேட்க, மேலே நாங்கள் மென்மையாகப் பேசுவது எப்படி என்று பயிற்சி எடுத்துக்கொண்டோம்.

கேள்வித்தாளில் முப்பது கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து முகங்கள் வரிசையாக வரையப்பட்டிருக்கும். முதல் முகம் காது வரை சிரிக்கும். இரண்டாவது அளவாகச் சிரிக்கும். மூன்றாவது, ரேஷன் கடை வரிசையில் நிற்பவருடையது. நான்காவது சுருங்கியிருக்கும். ஐந்தாவது கண்ணீர் விட்டு அழும். முகங்களுக்கு அடியில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருக்கும். பிள்ளை ஒரு முகத்தைத் தொட வேண்டும். நான் அந்த எண்ணை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் விதிகள் உண்டு. கேள்வியை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும். விளக்கக் கூடாது. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. முக்கியமாக, நம் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது.

“நீ சிரிச்சா அதுவும் சிரிக்கிற மூஞ்சியத்தான் தொடும். உன் முகம் வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கணும்” என்றார் மேடம்.

இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று சுவராகப் பழகினேன். மூன்றாம் நாள் காலை என் அம்மா, “வயிறு சரியில்லையா? ஓமத் தண்ணி போடட்டுமா?” என்று கேட்டாள். பயிற்சி முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நான் போன முதல் வீடு குரோம்பேட்டையில். ஆஸ்துமா உள்ள பதினோரு வயதுப் பையன். அவன் அப்பா வங்கி அதிகாரி. பெற்றோர் கையெழுத்து போட்ட பிறகு வெளியே இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் வெளியே போனார். ஆனால் கதவுக்கு வெளியே மட்டும்தான் போனார்.

“உன் உடல்நிலையைப் பற்றி நினைக்கும்போது நீ எவ்வாறு உணர்கிறாய்?” என்று படித்தேன்.

“ஹேப்பிதான் மேடம், ஒன் போட்டுக்குங்க” என்றது கதவு.

“சார், பையன்தான் சொல்லணும்.”

“சாரி, சாரி. கண்ணா, நீயே சொல்லு. ஒன்தானே?”

பையன் ஒன்றைத் தொட்டான். முடிந்து கிளம்பும்போது அப்பா என்னை வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மத்த பசங்கல்லாம் எவ்ளோ எடுக்கறாங்க மேடம்?” என்று கேட்டார். இதில் மார்க் கிடையாது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. எண் இருக்கும் இடத்தில் ரேங்க் இல்லாமல் எப்படி இருக்கும்?

இரண்டாவது வாரம் பெரும்பாக்கம் போனேன். வரிசை வரிசையாக நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறாவது மாடி. அந்த வீட்டில் பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு ஏழு வயதிலிருந்தே சர்க்கரை. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை. மாத்திரைக்கு வேலை கிடையாது, தினம் நான்கு வேளை இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டிய வகை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்; நான் போன நேரமெல்லாம் அவர் ரோட்டில்தான் இருந்தார். அம்மா சோழிங்கநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவு வேலை பார்க்கிறவர். அவர் கையெழுத்து போட்டுவிட்டு, “நான் துணி காயப் போடறேன் மா, நீங்க பேசுங்க” என்று தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். குரோம்பேட்டை அப்பாவை நினைத்துக்கொண்டு அவரை மனதுக்குள் வணங்கினேன்.

பெண் இரட்டைப் பின்னலோடு எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கேள்வித்தாளைத் தலைகீழாகவே படிக்க முயன்றாள். நான் சுவரானேன்.

“மனச்சோர்வு ஏற்படும் வேளைகளில் உனக்கு எவ்வாறு இருக்கும்?”

அவள் புருவத்தைச் சுருக்கினாள். “மனச்சோறா? அது இன்னா சோறுக்கா?”

நான் அச்சில் உள்ளபடியே மறுபடி படித்தேன்.

“எனக்கு ஒரு கப்பு சோறுதான் குடுப்பாங்க. அதுக்கு மேல எந்தச் சோறா இருந்தாலும் கூடாது, டாக்டர் சொல்லிக்கீறாரு” என்று என் முகத்தையே பார்த்தபடி சொன்னாள். சுவரில் விரிசல் விட்டது. இருமுவதுபோல் கையால் வாயை மூடிக்கொண்டேன்.

“ஏதாச்சும் ஒரு மூஞ்சியத் தொடு பாப்பா.”

காது வரை சிரிக்கிறதைத் தொட்டாள். அடுத்த கேள்விக்கும் அதையே. பள்ளிக்குப் போகும்போது? சிரிப்பு. பிற பிள்ளைகள் உன் நோயைப் பற்றிப் பேசும்போது? சிரிப்பு. பிறர் உண்பதை நீ உண்ண முடியாதபோது? சிரிப்பு. ஊசி போட்டுக்கொள்ளும்போது? அதற்கும் காது வரை சிரிப்பு. பத்தே நிமிடத்தில் முப்பது கேள்வியும் முடிந்தது. அதுவரை நான் பார்த்ததில் மிகச் சுலபமான வேலை. அவள் அம்மாவுக்கும் ஒரு சின்னத் தாள் உண்டு. அதில் அவர், “எல்லாம் நல்லாத்தான் கீது மா. எம் பொண்ணு தெகிரியசாலி. அதுவே ஊசி போட்டுக்கும்” என்று பெருமையாகச் சொன்னார்.

மேடம் அந்தத் தாளைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“முப்பதுக்கும் ஒண்ணு. இவ்ளோ சந்தோஷமா ஒரு குழந்தை இருந்தா, நாம நோய விட்டுட்டு இந்தச் சந்தோஷத்தத்தான் ஆராய்ச்சி பண்ணணும்” என்றார். பிறகு, “ஊசிக்கும் சிரிச்சாளா?”

“ஆமாம் மேடம்.”

தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டார். என் வேலையில் குறை இல்லை என்பதால் நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து இரண்டாவது முறை போனபோது, லிஃப்டுக்குள் ஒரு பீரோவும் அதைத் தாங்கிப் பிடித்தபடி இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். யாரோ புது வீட்டுக்குக் குடிவருகிறார்கள். பீரோ உள்ளே போனாலும் கதவு மூடவில்லை. இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று தரைத்தளமே யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் நானும் யோசனை சொல்லிவிட்டு, படியேறத் தொடங்கினேன்.

ஆறாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நெற்றியில் கை வைத்தாள்.

“வேர்த்துகினு கீது. கை நடுங்குதா? சுகர் லோ ஆயிடுச்சாக்கா?”

“இல்ல பாப்பா... படி... படி ஏறினது...”

“நானும் அப்டித்தான் சொல்லுவேன். பாத்துரலாம்.” சர்க்கரை பார்க்கிற மிஷினை எடுத்து வந்துவிட்டாள். “வெரல நீட்டு. புது ஊசிதான், பயப்படாத.”

எனக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஆராய்ச்சியாளரின் கண்ணியத்தோடு “வேண்டாம்” என்று சொல்ல நினைத்தேன். குரல் கீச்சென்று வந்தது.

அவள் சிரிக்கவில்லை. ரொம்பப் பொறுப்பாக என் பையிலிருந்த கேள்வித்தாளை எடுத்து என் முன் விரித்தாள். “பயமா? எந்த மூஞ்சின்னு சொல்லு.”

விளையாட்டாக நான்காவது முகத்தைத் தொட்டேன்.

“நாலா!” அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். “அய்யோ, பாவம்கா நீ. நாலு ஏத்திடுவாங்களே.”

“எத ஏத்துவாங்க?”

“ஊசியத்தான். நாலு யூனிட்டு.”

எனக்குப் புரியவில்லை. அவளுக்கு என் மந்தம் புரிந்தது, நிதானமாக விளக்கினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய நோட்டைப் பார்ப்பார். நோட்டில் வீட்டில் பார்த்த சர்க்கரை எண்கள் இருக்கும். எண் சின்னதாக இருந்தால் “வெரிகுட்” என்பார். பெரிதாக இருந்தால் ஊசி மருந்தின் அளவில் இரண்டு யூனிட் ஏற்றுவார். மூன்று வருடமாக அவள் பார்த்து வரும் உலக நியதி இது. இப்போது ஒரு அக்கா வந்து, எண் போட்ட முகங்களைக் காட்டி, எதைத் தொடுகிறாள் என்று எழுதிக்கொண்டு போகிறாள். அது எங்கே போகும்? டாக்டரிடம்தான் போகும்.

“அழுவுற மூஞ்சிக்குக் கீழ அஞ்சு போட்டுக்கீது பாரு. முப்பது கேள்வி. எல்லாத்துக்கும் அஞ்சு அஞ்சா ஏத்துனா நான் இன்னாத்துக்கு ஆவறது? அதான் ஒண்ணே வெச்சேன். ஒண்ணுன்னாலும் முப்பது ஏத்திடுவாங்களோன்னு அடுத்த வாட்டி ஆஸ்பத்திரி போற வரிக்கும் ஒரே பேஜாரு. நல்லவேள, ஏத்தல.”

அந்த முப்பது சிரிப்புகளும் என் கண் முன் வரிசையாக வந்து நின்றன. பத்து நிமிடத்தில் முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்ட வேலை. எதிரே உட்கார்ந்து சிரித்த முகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பிள்ளை, உள்ளே ஊசியைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான்தான் சுவராக உட்கார்ந்திருந்தேன். சுவரிடம் யாராவது சந்தேகம் கேட்பார்களா?

விளக்கக் கூடாது என்பது விதி. நான் பேனாவை மூடி வைத்தேன்.

“இந்தத் தாளுக்கும் உன் ஊசிக்கும் சம்பந்தமே இல்ல பாப்பா. உனக்கு ஊசி எழுதற டாக்டர் இதப் பாக்கவே மாட்டாரு.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்ப இத எதுக்குக் கேக்குற?”

எத்தனையோ விதிகள் சொல்லிக்கொடுத்த பயிற்சியில் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன். “உன் ஒடம்புக்கு இன்சுலின் இருக்கு. ஆனா இவ்ளோ நாள் ஒரு நோயோட இருக்கறப்போ மனசுக்குக் கஷ்டமா இருந்தா என்ன பண்றதுன்னு எங்களுக்குச் சரியாத் தெரியல. உங்களக் கேட்டாத்தான் தெரியும்.”

“உங்களுக்கே தெரியலியா?”

“தெரியல.”

பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பது அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “மொதல்ல நீ சொல்லு. நான் கேக்குறேன். அப்பால நான் சொல்றேன்.”

தாள் கை மாறியது. அவள் வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் படித்தாள். “உன் நோயைப் பற்றிப் பிறர் பேசும்போது நீ எவ்வாறு உணர்கிறாய்?”

“எனக்கு நோய் எதுவும் இல்லியே.”

“ஒண்ணு கூடவா?” என் மேல் அவளுக்கு இரக்கமே வந்துவிட்டது. ஒற்றைத் தலைவலி உண்டு என்று ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னேன். “ம், அத வெச்சுக்கலாம்.”

நண்பர்களோடு விளையாடும்போது? நான் விளையாடுவதே இல்லை என்றேன். நம்ப முடியாமல் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே ஐந்து போட்டாள். இரவு நன்றாகத் தூங்குகிறாயா? என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் இரண்டு வாரமாகத் தேதி சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த சமயம் அது. நான்கைத் தொட்டேன். “இன்னாத்துக்கு?” என்றாள். விவரம் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. பத்துக் கேள்வியோடு நிறுத்திவிட்டு, தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“உனக்குத்தான்கா மொதல்ல டாக்டர் வேணும்.”

அதன் பிறகு அவள் பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு முகத்துக்கும் காரணம் சொன்னாள். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் சாக்லேட் கொடுப்பார்கள். அவள் வேண்டாம் என்று சொல்வதில்லை. வாங்கி ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு வைப்பாள். அதை வைத்து ஜன்னலோர இடம், மேப் வரைந்து தரும் ஆள், சண்டையில் தன் பக்கம் பேச இரண்டு பேர் என்று சகல வசதிகளும் செய்துகொண்டிருக்கிறாள். ஆகவே அந்தக் கேள்விக்கு இரண்டாவது முகம்.

விளையாட்டுப் பீரியடுக்கு நான்கு. மயங்கி விழுந்துவிடுவாள் என்று பயந்து பி.டி. சார் அவளை அம்பயர் ஆக்கிவிட்டார். “விசில் ஊதி ஊதிக் கன்னம்தான் வலிக்குது. காலு சும்மாவே கீது.”

நோய் தொற்றிக்கொள்ளும் என்று ஒரு பெண் தள்ளி உட்கார்ந்ததற்கு முதலில் ஐந்தைத் தொட்டாள். பிறகு மூன்றாக மாற்றினாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது அம்மை போட்டிருக்கிறதாம்.

கடைசியில் ஊசிக் கேள்வி வந்தது. விரல் முகங்களின் மேல் போய்ப் போய்த் திரும்பியது.

“ஊசிக்கு ரெண்டுதான்கா. எறும்பு கடிக்கிற மாரி. பழகிடுச்சி.” கொஞ்ச நேரம் தாழ்வாரத்துப் பக்கம் பார்த்தாள். அன்றும் அங்கே அம்மா துணி உதறும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினாள். “அம்மாதான் மொதல்ல போட்டுக்கினு இருந்துச்சி. ஊசி ஏத்தறப்போ மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கும். நான் பாக்கலன்னு நெனச்சிகினு அழுவும். அதப் பாத்தாத்தான் எனக்குத் தாங்காது. அதான் நானே போட்டுக்கறேன்னு வாங்கிட்டேன். இப்பவும் நான் போட்டுக்கறப்போ மூஞ்சியத் திருப்பிக்கினுதான் நிக்குது. அதுக்கு அஞ்சு. எங்க போடறது?”

அதற்குக் கட்டம் இல்லை. முப்பது கேள்வியில் ஒன்றுகூட அம்மாவின் முகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான் தாளின் ஓரத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்க, “அம்மா முகம் – 5” என்று எழுதினேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மேடவாக்கம் வரும் வரை ஷேர் ஆட்டோவில் என் மடியில் யாருடைய காய்கறிக் கூடை இருந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு விஷயம் மண்டையைக் குடைந்தது. முதல் தாள் பொய். இரண்டாவது தாள் உண்மை. ஆனால் எல்லா விதிகளையும் மீறி வாங்கியது. ஆராய்ச்சியில் இரண்டுமே செல்லாது. வேலை போய்விடும் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துகொண்டேன். திரும்பவும் கல்யாணப் பந்திகளில் அப்பளம் பார்த்துக் குறி சொல்லிப் பிழைக்க வேண்டியதுதான்.

மறுநாள் மேடத்திடம் ஒன்று விடாமல் சொன்னேன். என் பத்துப் பதில்கள் உட்பட. கீழே யாருடைய கடைவாயையோ குடைந்துகொண்டிருந்தார்கள். அது நின்றதும் மேடம் கேட்டார்.

“மொதல் தாள மாத்தி எழுதினியா?”

“இல்ல மேடம். ரெண்டும் அப்படியே இருக்கு.”

“நல்லது. நடந்தத நடந்தபடி எழுதிக் குடு. நீ ரூல மீறினதையும் எழுது. ரெண்டு தாளையும் கணக்குல சேக்க முடியாது, தனியா வைக்கலாம்.” பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “அந்த நம்பர மொகத்துக்கு அடியில போடச் சொன்னது நான்தான். நமக்குக் கூட்டறதுக்குச் சுலபமா இருக்கும்னு. பசங்க அத என்னன்னு படிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு.”

அவர் என்னைத் திட்டவில்லை. பதிலாக அவரையே திட்டிக்கொண்டது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் முழுக்க நான் போன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனேன். இந்த முறை கேள்வி ஒன்றே ஒன்று: இந்தத் தாள் எதற்கு என்று நீ நினைக்கிறாய்? குரோம்பேட்டைப் பையன், அப்பா வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், சொன்னான்: “எல்லாத்துக்கும் ஸ்மைலி போட்டா இன்ஹேலர நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன்கா. நிறுத்தல. அப்போ நான் ஃபெயிலா?” ஒரே தாளுக்கு ஒருத்தி பயந்து சிரித்திருக்கிறாள், இன்னொருவன் ஆசைப்பட்டுச் சிரித்திருக்கிறான். மேடத்திடம் வந்து சொன்னதும் அவர் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகங்களுக்கு அடியில் இருந்த எண்களை எடுக்கச் சொன்னார். மேலே, பெரிய எழுத்தில், “இதில் நீ என்ன சொன்னாலும் உன் மருந்து அதிகமாகாது, குறையாது” என்று ஒரு வரி சேர்த்தோம். அதைப் படித்துவிட்டு விளக்கம் கேட்டால் பதில் சொல்லலாம் என்றும் விதி மாறியது. மனச்சோர்வு போய், “மனசு கஷ்டமா இருக்கும்போது” வந்தது. ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் குழுவுக்கு எல்லாவற்றையும் மறுபடி அனுப்பி, ஒப்புதல் வாங்கி, பழைய தாள்களை ஒதுக்கி வைத்து, புதிதாகத் தொடங்கியதில் எங்கள் வேலை பல மாதம் பின்தங்கியது.

ஓரத்தில் எழுதிய அம்மா முகத்தை மேடம் மறக்கவில்லை. பெரும்பாக்கத்துப் பெண்ணையும் அவள் அம்மாவையும் ஒருநாள் வரச் சொன்னார். அம்மாவுக்குப் போனில் சொன்னபோது அவர் பயந்துவிட்டார். “மனசு டாக்டரா? எம் பொண்ணுக்கு மெண்டல்னு எழுதிடுவாங்களா மா?” அப்படி இல்லை, பேசத்தான் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

வந்தார்கள். மாடிப்படி ஏறும்போது கீழே பல் குடையும் சத்தம் கேட்டதும் பெண் நின்றுவிட்டாள். “மனசையும் மிஷின் வெச்சித்தான் குடைவாங்களாக்கா?”

“இல்ல. அது பல்லுக்கு.”

“எதுக்கும் மொதல்ல நீ போ.”

மேடம் முதலில் அவளோடு தனியாகப் பேசினார். பிறகு அம்மாவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். அவள் சொன்னதை அம்மாவிடம் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டிருக்கிறார். நானே சொல்கிறேன் என்றிருக்கிறாள். சொல்வதற்கு நேரமானது. பின்னலின் ரிப்பனை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள்.

“ஊசி போடறப்போ நீ மூஞ்சியத் திருப்பாத மா.”

அம்மா என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். “நான் எங்கடி திருப்பறேன்?”

“திருப்பற. அப்பால அழுவுற. எனக்குத் தெரியும்.”



“பாத்தா அழுவ வருதுடி” என்றார் அம்மா. “நீ இம்மாத்துண்டு வயித்துல குத்திக்கிற. நான் இன்னா பண்றது?”

“அழுதுகினே பாரு” என்றாள் அவள். “நீ அந்தாண்ட திரும்பிக்கினா நான் மட்டும் தனியா குத்திக்கினு கீறா மாரி கீது.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உளவியலில் இதற்கு மேல் சொல்ல எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் சுவர் போல உட்கார்ந்திருக்க முயன்றேன். மூக்கு ஒழுகுகிற சுவரை யாராவது பார்த்திருக்கிறார்களா? அந்தப் பெண்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையிலிருந்த ரிப்பனை எனக்குத் துடைத்துக்கொள்ள நீட்டினாள்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை இருவரும் மேடத்திடம் வந்தார்கள். மேடம் பி.டி. சாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்: விளையாடலாம், விளையாடுவதற்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும், பையில் பிஸ்கட் இருக்க வேண்டும் என்று. விசில் வேறொரு பிள்ளைக்குப் போனது. ஊசி நேரத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். முதல் வாரம் அழுதுகொண்டே பார்த்தாராம். அடுத்த வாரம், இடது பக்கம் போடு, வலது பக்கம் போடு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். “அழுவுறதே தேவல போல கீதுக்கா” என்று அவள் போனில் புகார் சொன்னாள்.

வருடக் கடைசியில் மூன்றாவது முறைக்குப் போனேன். புதிய தாள், எண் இல்லாத முகங்கள். கீழே கோ-கோ ஆட ஆள் காத்திருந்ததால் அவள் நின்றபடியே பதில் சொன்னாள். விளையாட்டுக்கு மூன்றாவது முகம், நேற்று தோற்றுவிட்டார்களாம். பள்ளிக்கு ஐந்தாவது, காரணம் பின்னக் கணக்கு. அம்மாவைப் பற்றிய கேள்வி இப்போது தாளிலேயே இருந்தது. “ரெண்டு” என்றாள். “சில நாளு மூணு. ரொம்பக் கேள்வி கேக்குது.” எல்லாவற்றையும் தொட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அலுவலகத்தில் உட்கார்ந்து, முகங்களுக்கு நானே எண் போட்டுக் கூட்டிப் பார்த்தபோதுதான் வேடிக்கை தெரிந்தது. முதல் முறை அவளுடைய மொத்தம் முப்பது. இப்போது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அவளைத் தெரியாத யாராவது அந்த இரண்டு தாள்களை மட்டும் பார்த்தால், ஒரு வருடத்தில் நாங்கள் ஒரு சந்தோஷமான குழந்தையைப் பாடாய்ப் படுத்திக் கெடுத்துவிட்டோம் என்றுதான் முடிவு கட்டுவார்கள்.

“இத எப்படி மேடம் அறிக்கையில எழுதறது?” என்று கேட்டேன்.

“இப்படியேதான். பயந்துபோய் நல்லா இருக்கேன்னு சொல்ற குழந்தைய நம்பி நாம ‘நல்லா இருக்கு’ன்னு எழுதிட்டு வந்திருப்போம்னு எழுதணும்.”

“ஒத்துப்பாங்களா?”

“நாலு பேர் எதிர்த்துக் கேப்பாங்க. கேக்கட்டும். பதில் இருக்குல்ல” என்றார். அந்தப் பத்தியை அவர் ஐந்து முறை திருத்தி எழுதியதை நான் பார்த்தேன்.

என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. இப்போது சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். பிள்ளைகளிடம் எதையாவது கேட்பதற்கு முன், ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதன் பிறகுதான் உட்காரவே செய்கிறார்கள்.

போன மாதம் அந்த அம்மா போன் செய்தார். பெண் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறியிருக்கிறாள். முதல் நாளே தமிழ்ப் பீரியடில் எழுந்து நின்று, தனக்கு என்ன நோய், எப்போது என்ன செய்ய வேண்டும், எது தொற்றும் எது தொற்றாது என்று தானாகவே வகுப்பு எடுத்திருக்கிறாள். பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்க, அவள் ஒவ்வொருவராகக் கை தூக்கச் சொல்லிப் பதில் சொல்ல, பீரியடே போய்விட்டது. செய்யுளை நடத்த முடியாத டீச்சர், அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

“நீங்க என்ன பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“டீச்சர் எதுர்க்க நல்லா திட்டினேன் மா, சும்மா இருக்க முடியாதாடின்னு” என்றார். “ஸ்கூல் கேட்டத் தாண்டினதும் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல வாச்மேன் எழுந்து வந்து பாக்குறாரு.”